கலியாணக் காட் கேட்டு வரும் ஸகியா உம்மா

தொழுகைக்குப்போல் கைகால் முகம் கழுவி ஒழு எடுத்து, கையைத் துடைத்த பிறகுதான் ஸகியா உம்மா கத்தரிக்கோலைத் தொடுவார். பாயில் பரப்பிக் கிடப்பவை எல்லாம் முடிந்துபோன கலியாணங்களின் அழைப்பிதழ்கள், ஊர்ப்பேச்சில் காட். ஒவ்வொன்றின் தலைப்பிலும் தங்க நிற மையில் ஓர் ஆயத்து, அல்லாஹ்வின் வசனம். அதை மட்டும் ஓரம் பிசகாமல் வெட்டி வெள்ளைச் சீலைப் பைக்குள் போடுவார். வாவிக்காற்று வந்து மிச்சத்தைப் புரட்டும். மணமகன், மணமகள், மண்டபம், பகல் விருந்து என்று எல்லாம் பாயைவிட்டு எழும்பி முற்றத்தில் உலாவப் போய்விடும். "இந்தப் புள்ளைக்கி இப்ப மூணு மாசமாயிரிக்கும்" என்று தன்பாட்டில் சொல்லிச் சிரிப்பார்.

காத்தான்குடியில் கலியாணம் முடிந்து ஒரு கிழமையில் வாசலில் கறுப்புக் குடை தெரிந்தால் அது அவர்தான். "சாப்பாடு செமிச்சிட்டா மகள்? அப்ப காட்டத் தாங்க. ஆயத்து குப்பைக்குள்ள போனா ஆருக்குப் பாவம்?" விருந்தில் இனிப்புக்கு வைத்த வட்டிலப்பம் எப்படி என்று விசாரிப்பார், பொம்பிளை என்ன நிறம் என்று விசாரிப்பார், ஆனால் காட் கைக்கு வராமல் அசையமாட்டார். எங்கேயோ வைத்துத் தொலைத்தவர்கள் கட்டிலுக்கடியில் தவழ்ந்து தேடவேண்டியதுதான். வேறு வழியே இல்லை!

யுத்த காலத்தில் அந்தப் பைக்குள் கைவிட்டுப் பார்க்காத சோதனைச் சாவடி இல்லை. ஒருமுறை ஒரு சிப்பாய் பையைக் கவிழ்க்கப் போக, "கீழ போடாதீங்க மாத்தயா, அல்லாஹ்ட பேச்சி" என்று முந்தானையை விரித்து ஏந்திக்கொண்டு நின்றாராம். அவன் திருப்பிக் கொடுத்துவிட்டான். பை நிறைந்தால், மையத்துகளை அடக்கும் மையவாடி ஓரத்தில், கால் படாத இடத்தில் புதைக்கச் சொல்லி யாரிடமாவது கொடுத்துவிடுவார்.

சுனாமி அன்று தொடங்கிய பழக்கம் இது. மகள் ஸுஹைனாவுக்குப் பன்னிரண்டு நாளில் நிக்காஹ். கொடுக்காமல் மிஞ்சியிருந்த காட்களையும் பிள்ளையையும் ஒரே அலை கொண்டுபோனது. பிள்ளையை அடக்கிவிட்டு வந்தவர்கள் பார்த்தால், உம்மா கடற்கரை வீதிச் சேற்றில் குனிந்து குனிந்து காட் பொறுக்குகிறார். மிதித்துக்கொண்டு போகிறார்களே என்று அழுகிறார். புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். பேதலிக்காமல் என்ன செய்யும்?

மாப்பிள்ளையாகப் பேசியிருந்த றுமைஸ் அதன்பிறகு யாரையும் கட்டவில்லை. ஐந்து வருஷமாகப் பெருநாளைக்குப் பெருநாள் வந்து, "மாமி" என்று கூப்பிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவான். யுத்தம் முடிந்து, பாதைகள் திறந்து, ஊரெல்லாம் கலியாணமாய்க் கிடந்த வருஷத்தில் அவனுக்கும் ஏறாவூரில் பெண் பேசினார்கள். ஒரு பின்னேரம் அச்சடித்த காட்களோடு வந்து, உட்காராமல் நின்றான்.

"ஒண்டையும் இன்னும் குடுக்கல்ல மாமி. உங்கட மனசு நோகும் எண்டா அப்பிடியே நிப்பாட்டிருவன்."

உம்மாவுக்கு வேண்டாம் என்று சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. சொன்னால் நிறுத்திவிடுவான், அவ்வளவு நல்ல பிள்ளை. அவன் கட்டாமல் இருக்கும்வரை ஸுஹைனாவின் கலியாணமும் முடிந்துபோகாமல், நாள் மட்டும் தள்ளிப்போட்டதுபோல் எங்கேயோ இருந்துகொண்டிருந்தது. சில மத்தியானங்களில் அந்த வீட்டில் மருதாணி மணப்பதுகூட அவருக்குத் தெரியும்.

அவன் கையில் மேலாக இருந்த காட்டை எடுத்து ஆயத்தை வாய்க்குள் ஓதினார். கீழே பெண்ணின் பெயரில் விரல் நின்றது.

"றினோஸா. எப்பிடி மகன், நல்ல புள்ளையா?"

"நல்ல புள்ள மாமி. நீங்க ஓம் எண்டாத்தான் அவவும் ஓம் எண்டு சொல்லியிரிக்கா."

உம்மா எழும்பிப் போய் முகம் கழுவினார். முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு, காட்களில் பாதியை அவன் கையிலிருந்து வாங்கினார். "இந்தத் தெருவ நான் பாக்கன். நீ மத்தத் தெருவுக்குப் போ."

அடுத்த வீட்டு ஆயிஷா குடையைக் கண்டதுமே, "கொஞ்சம் இரிங்க ராத்தா, போன கிழமக் காட் எடுத்து வெச்சிரிக்கன்" என்று உள்ளே திரும்பினாள்.

"எடுக்க வரல்லகா" என்ற ஸகியா உம்மா, குடையைச் சுவரில் சாத்திவிட்டு, ஒரு காட்டை இரண்டு கையாலும் நீட்டினார்.