சூசை அண்ணாச்சியின் முறை

போன வெள்ளிக்கிழமை காலை உவரியிலிருந்து மதினி போனில் பேசினார்கள். "தம்பி, அண்ணாச்சி போயிட்டாவ. பதக்கம் ஒங்க வீட்டுலதான இருக்கு? எடுத்துட்டு வாங்க." அழக்கூடத் தோன்றவில்லை. சாமி படங்களுக்குப் பக்கத்தில் இருந்த பதக்கத்தை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டையில் பஸ் ஏறினேன்.

ஹவில்தார் சூசை அவர்களின் வீரப்பதக்கம் என் வீட்டில் ஏன் இருந்தது என்பதை அவர்களை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

எல்லைச் சண்டையில் நாங்கள் ஒரே படைப்பிரிவு. தொடையில் குண்டு பட்டு ஒரு மலைச்சரிவில் கிடந்தேன். மேலேயிருந்து எதிரி சுட்டுக்கொண்டிருந்தான். அண்ணாச்சி தவழ்ந்து வந்து என்னை முதுகில் ஏற்றிக்கொண்டார்கள். "ஏலே, பயப்படாத. முருகன் அங்கன நின்னு சுடுதான். பைய போயிரலாம்." எங்கள் பிரிவிலிருந்த அம்பாசமுத்திரத்துக்காரன் முருகன் விடாமல் சுட்டு எங்களுக்கு வழி ஏற்படுத்திக் கொடுத்தான். நாங்கள் கீழே வந்து சேர்ந்தோம். முருகன் வரவில்லை.

பதக்கம் அண்ணாச்சிக்குக் கிடைத்தது. ஊரே மாலை போட்டது. அவர்கள் முகத்தில் சிரிப்பில்லை. வள்ளத்தில் போனவர்கள் எல்லாருக்கும் மீனில் பங்கு உண்டு என்று வளர்ந்த வீடு அது. "மூணு பேரு போனோம். திரும்பாதவன் வீட்டுக்குத்தாம்லே முதப் பங்கு" என்று பதக்கத்தை முருகனின் மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் என் வீடு, அதற்கடுத்து அவர்கள் வீடு. அப்படியே சுற்றிவந்தது. என் முறை முடியும்போது அண்ணாச்சியே என் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, வம்பளந்துவிட்டு வாங்கிப்போவார்கள். "சாமியாக்கிப்புடாதலே, பொறவு கேட்டா தரமாட்ட."

இந்த வருஷம் என் முறை. அடுத்தது அவர்களுடையது.

உவரியில் அவர்கள் சட்டையில் நானே பதக்கத்தைக் குத்தினேன். கோவிலில் பூசை முடிந்து, கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை மூடும் முன் மதினி அதைக் கழற்றினார்கள்.

"அவங்களோடயே போகட்டும் மதினி" என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

"அவிய முறை முடிஞ்சிட்டு தம்பி. ஒங்க ரெண்டு வீட்டுப் பங்கையும் சேத்து நான் எப்படிப் புதைக்க? முருகன் வீட்டுல கொண்டு குடுங்க."

நாளை அம்பாசமுத்திரம் போகிறேன். முறை தப்பாமல் கொடுத்துவிடுவேன், அண்ணாச்சி. ஆனால் இத்தனை வருஷமும் நான் காத்திருந்தது பதக்கத்துக்காக இல்லை. அதை வாங்கிப்போக நீங்கள் வருவீர்களே, அதற்காக. போய் வாருங்கள்.