காருக்குள் ஓடிய பிரான்ஸ் நேரம்

நான் செய்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவி எங்கள் மகனோடு கைப்பேசியில் பேசும்போதெல்லாம், அந்தப் பேச்சைப் பாதியில் முடிய வைத்தேன். பல ஆண்டுகள், தெரிந்தே செய்தேன்.

நாங்கள் புதுச்சேரிக்காரர்கள். பிரான்சுக்கு வேலைக்குப் போன மகன், என்னைக் கேட்காமல் அங்கேயே ஒரு பெண்ணைத் திருமணம் செய்துகொண்டான். இனி வீட்டில் அவன் பேச்சையே எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். என் மனைவி எதிர்த்துப் பேசவில்லை. சனிக்கிழமைகளில் மீனும் காய்கறியும் வாங்க இருவரும் காரில் தவளக்குப்பம் போவோம். முட்டி வலி என்று அவள் வண்டியிலேயே உட்கார்ந்துகொள்வாள். நான் அந்தப் பக்கம் போனதும் மகனை அழைப்பாள். அதற்காகவே காரின் கடிகாரத்தைப் பிரான்ஸ் நேரத்துக்கு வைத்திருந்தாள். கோடைக்கும் குளிருக்கும் அங்கே மணியை மாற்றும்போது இவளும் பொத்தானை அழுத்தி மாற்றுவாள். "அவன் எந்திரிச்சிருப்பானான்னு பாக்கத்தான்" என்று ஒரே ஒரு முறை சொன்னாள்.

அவள் அவனை அழைப்பது எனக்குத் தெரியும். அதனால்தான் பாதி வாங்கியதும் திரும்பி வந்துவிடுவேன். நான் கதவைத் திறக்கும்போது கைப்பேசி அவள் மடியில் கவிழ்ந்து கிடக்கும்.

"அதுக்குள்ள வந்துட்டீங்க? கத்திரிக்கா வாங்கலியா?"

"நல்லா இல்ல."

வண்டியைக் கடை வாசலில் நிறுத்தினால் அவளுக்குப் பிடிக்காது. "வெயிலு அடிக்குது. அந்தத் தூங்குமூஞ்சி மரத்தாண்ட நிறுத்துங்க" என்பாள். அது நல்ல தூரம். பையைத் தூக்கிக்கொண்டு நடப்பவன் நான்தானே என்று முணுமுணுத்துக்கொண்டே வருவேன்.

அவள் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. காரியத்துக்கு வந்த மகனிடமும் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதன்பிறகு காரை அதிகம் எடுப்பதில்லை. விற்கவும் மனம் வரவில்லை. சில மாலைகளில் உள்ளே போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பேன். பக்கத்து இருக்கை அவள் முட்டி நீட்டிக்கொள்ளும் அளவுக்குப் பின்னால் தள்ளியே இருக்கும். கடிகாரம் அவள் வைத்த மணியைக் காட்டிக்கொண்டிருக்கும்.

சும்மா நின்றே பேட்டரி வீணாகிவிட்டது. இந்த முறை மழைக்காலம் முடிந்து சாவியைத் திருப்பினால் முனகல் மட்டும்தான் வந்தது. நெல்லித்தோப்பில் பேட்டரி கடை வைத்திருக்கும் பாயைக் கூப்பிட்டேன். "நிக்கிற வண்டிக்கு லித்தியம் போட்டுக்குங்க சார், சீக்கிரம் இறங்காது" என்று சொல்லி வீட்டுக்கே கொண்டுவந்தார். பழையதை இரண்டு கையாலும் மூச்சைப் பிடித்துத் தூக்கி இறக்கினார். புதியதை ஒரு கையில் ஆட்டிக் காட்டினார்.

"பாத்தீங்களா சார், டிபன் கேரியர் கணக்கா இருக்கு. அதுவும் சாப்ட்டு முடிச்ச டிபன் கேரியரு!"

நானும் சிரித்தேன். பழையது இருந்த தட்டில் அது பாதி இடம்கூடப் பிடிக்கவில்லை. ஆடாமல் இருக்கப் பக்கத்தில் ரப்பர் கட்டை வைத்து இறுக்கினார். வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. சார்ஜ் ஒழுங்காக ஏறுகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"பேட்டரிய கழட்டுனதுல கடியாரம் பன்னெண்டுக்குப் போயிடுச்சி சார். கரெக்டா வச்சிட்டேன். முன்னாடியே அது தப்பாத்தான் ஓடினு இருந்துது."

எட்டிப் பார்த்தேன். நம்மூர் மணி.

"உங்கள யாரு அதத் தொடச் சொன்னது?" என்று கத்திவிட்டேன்.

அவர் துணியில் கையைத் துடைத்தபடி அப்படியே நின்றார். அவர் மேல் என்ன தப்பு? மன்னிப்புக் கேட்டு, அது என் மனைவி வைத்த மணி என்றேன். "அப்ப எத்தினி மணி வைக்கணும், சொல்லுங்க சார். மாத்திடறேன்" என்றார் தணிவாக. அங்கே கோடை மணியா குளிர் மணியா என்றே எனக்குத் தெரியவில்லை. கைப்பேசியில் தேடியிருந்தால் நொடியில் தெரிந்திருக்கும். எனக்கு அது தோன்றாமலும் இல்லை.

நானே வைத்துக்கொள்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டு, அவள் இருக்கையில் உட்கார்ந்து மகனை அழைத்தேன். நானாக அழைப்பது அதுதான் முதல் முறை.

"அப்பாவா? என்னாச்சி? உடம்புக்கு எதுனாவா?"

"ஒண்ணும் இல்லடா. அங்க இப்ப மணி என்ன?"

"கார்லயா இருக்கீங்க?" என்றான்.

அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. "உங்கம்மா உங்கிட்ட பேசும்போதெல்லாம் நான் வேணும்னுதான் சீக்கிரம் வந்துடுவேன்" என்றேன்.

"தெரியும்பா. அம்மாவுக்கும் தெரியும். அதான் வண்டிய தூரமா நிறுத்தச் சொல்லுவாங்க. 'அப்பா கடைய விட்டு வந்துட்டாரு, சீக்கிரம் சொல்லு'ம்பாங்க. நீங்க மரத்தாண்ட வர்ற வரைக்கும் பேசுவோம்."

மன்னித்துவிடு என்றேன். அவன் மணியை மட்டும் சொன்னான். கண்ணீர் மறைக்க, பொத்தானை அழுத்தி அழுத்தி வைத்தேன். "வேலை இருக்குப்பா, வச்சிடறேன்" என்றான்.

இப்போது சனிக்கிழமைகளில் தவளக்குப்பம் போகிறேன். அதே மரத்தடியில் நிறுத்தி, அவள் இருக்கைக்கு மாறி உட்கார்ந்து அவனை அழைக்கிறேன். சில வாரம் எடுக்கிறான், சில வாரம் எடுப்பதில்லை. எடுத்தாலும் மருந்து, வெயில் என்று ஏதோ கொஞ்சம் பேசுகிறோம். போன மாதம் ஒரு நாள் அவனே அழைத்தான். "இங்க மணிய மாத்திட்டாங்கப்பா. ஒரு மணி நேரம் கூட்டி வைங்க" என்றான்.

கடை வாசலிலிருந்து மரம் வரை அத்தனை தூரம் என்று எத்தனை முறை அலுத்துக்கொண்டிருப்பேன்! அவள் இருக்கையிலிருந்து பார்த்தால் அது கொஞ்ச தூரம்தான். அதை நான் நடந்து முடிப்பதற்குள் மகனிடம் எல்லாவற்றையும் கேட்டுவிட வேண்டும் என்று அவள் இங்கே எப்படித் தவித்திருப்பாள் என்பதை நினைக்காமல் என்னால் இப்போது அந்த வழியைப் பார்க்க முடிவதில்லை.