பூமி ஆடியதும் கேட் மூடியதும்

எங்கள் வீடு தினமும் பல தடவை ஆடும். ஆடாமல் இருந்தால்தான் மனசு ஒரு மாதிரி இருக்கும். கும்மிடிப்பூண்டிக்குத் தெற்கே ரயில் பாதையை ஒட்டி, கேட் கீப்பருக்காகக் கட்டிய ஒற்றை அறை வீடு அது. செங்கல் சுவர், ஓட்டுக் கூரை, ஒரே ஒரு கதவு. கேட் கீப்பர் என் வீட்டுக்காரர். எழுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி அங்கே போனேன். முதல் சில நாட்கள் ஒவ்வொரு வண்டிக்கும் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தேன். அப்புறம் பழகிவிட்டது.

பழகாதது என் பித்தளை அண்டா மட்டும்தான். அம்மா வீட்டுச் சீராக வந்தது. அறையில் வைக்க இடமில்லை என்று அடுப்புக்கு மேலே சுவரில் முளை அடித்துப் பலகை போட்டு, அதன் மேல் தூக்கி வைத்திருந்தார் வீட்டுக்காரர். கூட்ஸ் வண்டி போனால் பலகை அதிரும், அண்டா கொஞ்சம் கொஞ்சமாக விளிம்புக்கு நகர்ந்து வரும். அதனால் சத்தம் கேட்டதும் எழுந்து போய் இரண்டு கையாலும் அண்டாவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வண்டி போனதும் விட்டுவிட்டு, அரைகுறையாக விட்ட வேலையைப் பார்ப்பேன். ஒருமுறை வந்திருந்த நாத்தனார் இதைப் பார்த்துச் சிரித்தாள். "அந்த ரயிலு இன்னா, உன் அண்டாவத் திருடினு போவவா வருது?" என்றாள். அவளுக்கென்ன, அவள் வீடு ஆடாத வீடு.

என் வீட்டுக்காரருக்கும் ஒரு பழக்கம் உண்டு. எங்கள் கேட்டில் அப்போது போன் கிடையாது. பாசஞ்சர் வண்டிகளுக்கு நேரம் உண்டு. கூட்ஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. காதும் காலும்தான் அவருக்குத் தகவல். செருப்பைக் கேட்டை ஒட்டியிருந்த காவல் குடிசையின் வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடுதான் இருப்பார். தரையில் லேசாக ஒரு நடுக்கம் வந்தால் போதும், வாயில் வைத்த கவளத்தை விழுங்காமலேயே எழுந்து ஓடுவார். இரண்டு பக்கமும் இரும்புக் கேட்டை இழுத்துச் சங்கிலி மாட்டிவிட்டு, பச்சைக் கொடியோடு நின்ற பிறகுதான் விழுங்குவார். அந்தக் கேட்டில் ஒரு கோழிக்குஞ்சுகூட அடிபட்டதில்லை என்று சொல்லிக்கொள்வார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

எங்கள் பெண் குழந்தை தவழ ஆரம்பித்திருந்த வருஷம் அது. ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை. பழவேற்காடு ஏரிப் பக்கத்துக் குப்பங்களிலிருந்து ஜனங்கள் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு பெரியபாளையம் அம்மன் கோயிலுக்குப் போவார்கள். எங்கள் கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். வண்டிக்கு வண்டி வேப்பிலையும் பானையும் கோழியுமாக வரிசையாக வந்துகொண்டிருந்தன. நான் உள்ளே உலை வைத்திருந்தேன். குழந்தை உத்தரத்தில் கட்டிய தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது.

தரைக்கு அடியிலிருந்து உறுமல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. பாத்திரங்கள் கிடுகிடுத்தன. கூட்ஸ் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. யோசிப்பதற்கு முன்பே கால் நடந்து போய்விட்டது. அடுப்புக்கு முன்னால் நின்று, தலைக்கு மேலே இருந்த அண்டாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பூமி ஆடும்போது ஒருத்தி போய் நிற்கக் கூடாத இடம் என்று ஒன்று இருந்தால், அது அதுதான். கீழே எரிகிற அடுப்பு, மேலே கனத்த அண்டா, பக்கத்தில் விரிசல் விட்ட சுவர். மூன்றுக்கும் நடுவில் நான் பொறுமையாக நின்றுகொண்டிருந்தேன்.

வண்டி கடந்து போகிற நேரம் ஆகியும் ஆட்டம் நிற்கவில்லை. எதற்கோ திரும்பிப் பார்த்தேன். தூளி ஆடிக்கொண்டிருந்தது. எத்தனை பெரிய கூட்ஸ் போனாலும் எங்கள் வீட்டுத் தூளி அதிரும், ஆடாது. அன்று யாரோ பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டுகிற மாதிரி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வந்தது. அதைப் பார்த்ததும்தான் இது வண்டி இல்லை என்று புரிந்தது.

அண்டாவை விட்டேன். அது என் தோளில் இடித்துவிட்டு அடுப்பில் விழுந்தது. உலை கவிழ்ந்து அறை முழுக்கப் புகையும் சாம்பலும். தூளிக்குள் கையை விட்டுக் குழந்தையை வாரிக்கொண்டு கதவுக்கு ஓடினேன். வாசலில் கால் வைத்ததும் கூரையிலிருந்து ஓடுகள் சரிந்தன. குழந்தையின் மேல் குனிந்துகொண்டதால் ஒன்று என் முதுகில் பட்டது. வேப்பமரத்தையும் தாண்டி வெளியில் போய் விழுந்தேன். அதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. குழந்தை விழித்துக்கொண்டு என் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது.

அப்புறம்தான் கேட்டைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் மூடியிருந்தது. சங்கிலி மாட்டியிருந்தது. என் வீட்டுக்காரர் கையில் பச்சைக் கொடியோடு, வடக்கே பார்த்தபடி விறைப்பாக நின்றுகொண்டிருந்தார்.

கேட்டுக்கு அந்தப் பக்கம் ஜனங்கள் வண்டியை விட்டு இறங்கிச் சாலையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் தலைமுடியை அவிழ்த்துப் போட்டுச் சாமியாடினாள். மற்றவர்கள் அம்மன் எதிர்கொண்டு வந்துவிட்டாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சுவரில்லாத, மரமில்லாத வெட்டவெளியில் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தார்கள். அன்று சுற்று வட்டாரத்தில் அவர்களைவிடப் பத்திரமாக யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

நான் குழந்தையோடு கிட்டே போனேன். "இன்னா பண்ணிக்கினு கீற?" என்றேன்.

"வண்டி வருது."

"எந்த வண்டி?"

அவர் தண்டவாளத்தைப் பார்த்தார். காலைப் பார்த்தார். அப்புறம் வீட்டைப் பார்த்தார். கூரையில் பாதி ஓடு இல்லை. கதவு வழியாகப் புகை வந்துகொண்டிருந்தது. அவர் முகம் வெளுத்துப் போனதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. "கேட்டாண்ட ஓடத் தெரிஞ்சிது. ஊட்டாண்ட வரணும்னு தோணல" என்றேன். சாலையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"வண்டின்னு நெனச்சிக்கினேன்மே" என்றார்.

நானும் அதையேதான் நினைத்தேன் என்பதை அவருக்குச் சொல்லவில்லை.

மறுநாள் பாதையைச் சோதிக்க ஒரு இன்ஸ்பெக்டர் டிராலியில் வந்தார். முன்னால் அஸ்ஸாம் பக்கம் வேலை பார்த்தவராம். அங்கே பூமி இப்படி அடிக்கடி ஆடும் என்றார். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே எங்கள் சுவரை அங்கே இங்கே தட்டிப் பார்த்தார். கீழே கிடந்த அண்டாவைப் பார்த்து, "இது எங்க இருந்தது?" என்று கேட்டார். மேலே என்று காட்டினேன். அவர் என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார்.

"தலைக்கு மேல கனமான சாமானே வைக்காதீங்க. ஆடிச்சின்னா எதையும் பிடிச்சிக்கிட்டு நிக்காதீங்க, போனாப் போவுது. கதவு பக்கத்துல இருந்தா வெளிய வந்துடுங்க. ஓட்டுக்குக் கீழ நிக்கக் கூடாது, சுவரு, மரம், தந்திக் கம்பம் எல்லாத்தையும் விட்டுத் தள்ளிப் போய் வெட்டவெளியில உக்காந்துடணும். வர முடியலன்னா உள்ளயே கெட்டியான கட்டிலு, பெஞ்சு எதுக்காவது கீழ பூந்து தலையை மூடிக்கணும். குழந்தை கையில இருந்தா அதுமேல குனிஞ்சுக்கணும். நின்னப்புறம் முதல்ல அடுப்பை அணைக்கணும்." கொஞ்ச தூரம் போனவர் திரும்பி, "சின்னதா மறுபடியும் ஆடலாம், ஜாக்கிரதை" என்றார். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமலே போயிருக்கலாம்.

நான் அன்றே அண்டாவைத் தரையில் வைத்தேன். நடமாட இடமில்லை. ஒவ்வொரு முறையும் காலில் இடித்துக்கொண்டோம். தூளியை அவிழ்த்துவிட்டுக் கதவுக்குப் பக்கத்தில் பாய் போட்டுக் குழந்தையைத் தூங்க வைத்தேன். பகலில் தாழ்ப்பாள் போடுவதில்லை. வீட்டுக்காரர் புது ஓடு மாட்டிக் கம்பியால் கட்டினார். சந்தையிலிருந்து ஒரு பழைய பெஞ்சு வாங்கி வந்தார். இத்தனை செய்தும் நான் அவரிடம் சரியாகப் பேசவில்லை. சோறு போடும்போதெல்லாம் ஏதாவது குத்திக் காட்டினேன். "சாப்டு, வண்டி வந்துடப் போவுது" என்பேன். அவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுவார். இப்படியே ஆடி முடிய இருந்தது.

அன்று மத்தியானம் நான் வேப்பமரத்தடியில் மிளகாய் காய வைத்துக்கொண்டிருந்தேன். குழந்தை வீட்டுக்குள் பாயில் தூங்கியது. ஆடிக் காற்று மேற்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் மாறி மாறி அடித்தது. பேசினால் பேச்சு வடக்கே பறந்துவிடும், அப்படிப்பட்ட காற்று. கேட் திறந்திருந்தது. வீட்டுக்காரர் குடிசை வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

திடீரென்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். கேட்டுக்கு ஓடுவார் என்று நினைத்தேன். அவர் வீட்டை நோக்கி ஓடினார். என்னைத் தாண்டும்போது, "ஆடுது, வெளிய போ, மரத்தாண்ட நிக்காத" என்று கத்திவிட்டு உள்ளே போனார்.

என் காலிலும் நடுக்கம் தெரிந்தது. ஆனால் என் பார்வை வடக்கே இருந்தது. பனைமரங்களுக்கு மேலே கரும்புகை எழும்பி வந்துகொண்டிருந்தது. எஞ்சின் ஊதியிருக்கும். காற்று அதை எங்கள் பக்கம் விடவில்லை.

சாலையில் ஒரு வைக்கோல் வண்டி மேடேறிக்கொண்டிருந்தது. ஓட்டுகிற ஆள் முன்னால் சாய்ந்து அரைத் தூக்கத்தில் இருந்தான். மாடுகள் தண்டவாளத்தைத் தொடப் போகின்றன. மிளகாயை மிதித்துக்கொண்டு ஓடினேன். குடிசையில் செருகியிருந்த சிவப்புக் கொடியைப் பிடுங்கினேன். எதற்குப் பிடுங்கினேன் என்று தெரியவில்லை, ஆட்டக்கூட இல்லை. மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து முழு பலத்தோடு பின்னால் தள்ளினேன். வண்டிக்காரன் விழித்துக்கொண்டு என்னைத் திட்ட வாயெடுத்தவன், வடக்கே பார்த்துவிட்டு ஒரே குதியில் இறங்கி மாட்டை இழுத்தான். எதிர்ப் பக்கம் புதிதாக வந்திருந்த இரும்புப் பட்டறைக்கு ஷிப்டுக்குப் போகிற ஆட்கள் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்கள். "கேட்டை இயுங்க" என்று கத்தினேன். அவர்களில் ஒருவர் சைக்கிளைப் போட்டுவிட்டு அந்தப் பக்கக் கேட்டை இழுத்தார். இந்தப் பக்கம் நான் இழுத்தேன். சங்கிலி மாட்டக் கை வரவில்லை. உடம்பால் கேட்டை முட்டிக்கொண்டு நின்றேன்.

கூட்ஸ் போனது. அவ்வளவு நீளமான வண்டியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை என்று தோன்றியது. அது போகும்போது திரும்பி வீட்டைப் பார்த்தேன்.

சுவருக்கும் மரத்துக்கும் தள்ளி, வெயிலில், வெட்டவெளியில் அவர் உட்கார்ந்திருந்தார். குழந்தையை மடியில் வைத்து, அதன் மேல் குனிந்து, தன் இரண்டு கையாலும் அதன் தலையை மூடிக்கொண்டிருந்தார். கண்ணையும் மூடியிருந்தார். இன்ஸ்பெக்டர் சொன்னதில் ஒன்றையும் விடவில்லை. பின்னால் வண்டி தடதடவென்று போய்க்கொண்டே இருந்தது. அவர் பூமி ஆடி நிற்பதற்காகக் காத்திருந்தார்.

எனக்கு அழுகை வந்தது. மாட்டு வண்டிக்காரன் பயத்தில் அழுகிறேன் என்று நினைத்து ஏதோ சமாதானம் சொன்னான்.

சத்தம் அடங்கிய பிறகு அவர் நிமிர்ந்தார். கேட்டையும் என்னையும் போகிற வண்டியின் கடைசிப் பெட்டியையும் பார்த்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மெல்ல நடந்து வந்தார். கிட்டே வந்து என் முன்னால் நின்றார். ஆடி முழுக்கக் குத்திக் காட்டியவள் நான். இப்போதும் ஏதாவது சொல்லுவேன் என்றுதான் அவர் நினைத்திருப்பார்.

"இனிமே ஆடுச்சின்னா நீ கேட்டாண்டயே போ" என்றேன். "கொயந்தய நான் தூக்கினு வெளிய வந்துடுவேன்."

"வந்துடுவியா?" என்று கேட்டார்.

"வந்துடுவேன்."

என் கையில் இருந்த கொடியை வாங்கப் பார்த்தார். விரல் பிரியவில்லை. இரண்டு முறை இழுத்தும் நான் விடவில்லை. அப்புறம் குழந்தையை என் பக்கம் நீட்டினார். அதை வாங்க இரண்டு கையும் வேண்டியிருந்ததால் கொடியை விட்டேன். அவர் அதைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு போய்க் கேட்டைத் திறந்தார்.