இரண்டாவது ஜாமீன்தாரர்

ஜாமீன் கிடைத்து ஒன்பது நாள் கழித்துத்தான் நான் சிறையிலிருந்து வெளியே வந்தேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். செம்புக் கம்பிச் சுருள்கள் சில காணாமல் போயின. சாவி என்னிடம் இருந்ததால் முதலாளி என்மேல் புகார் கொடுத்தார், ரிமாண்டில் வைத்தார்கள். ஜாமீன் ஆணை வந்த அன்று மாலையே வீட்டுக்குப் போய்விடலாம் என்று நம்பினேன். மறுநாள் என்னைப் பார்க்க வந்த என் மனைவிதான் விவரம் சொன்னாள்.

"ரெண்டு பேரு ஜாமீன்தாரரா வரணுமாம். சொந்த ஊடு இருக்கணும். வரி ரசீது, ரேஷன் கார்டு எல்லாம் எடுத்துகினு வந்து ஜட்ஜு முன்னாடி பத்திரத்துல கையெழுத்துப் போடணும். நீ ஓடிட்டா அவங்கதான் பணம் கட்டணுமாம்."

"உங்கப்பா ஒருத்தர், எங்கண்ணன் ஒருத்தர். முடிஞ்சுது போ," என்றேன்.

அண்ணனுக்கு நெமிலிச்சேரியில் சொந்த வீடு. அது கட்டும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நான் என் வீட்டில் இருந்ததில்லை; அங்கே செங்கல் சுமந்துகொண்டிருந்தேன்.

மாமனார் உடனே வந்துவிட்டார். அண்ணன்தான், "வரி ரசீது எங்க வெச்சேன்னே தெரிலம்மா, தேடிகினு கீறேன்," என்றானாம். அடுத்த முறை போனபோது காய்ச்சல் என்றானாம். அப்புறம் போனையே எடுக்கவில்லை. "நீ சரியாக் கேட்டிருக்க மாட்ட," என்று மனைவியைத்தான் திட்டினேன். 

அடுத்த முறை வந்தபோது, வக்கீல் சொன்னதை அப்படியே சொன்னாள். "உங்க மச்சாண்டார் செவ்வாக்கிழமை இதே கோர்ட்டுக்கு வந்தாரேம்மா. அவரு தெருவுல யாரோ பெரிய மனுஷராம், அவர் மருமகனுக்கு ஜாமீன் நின்னாரு. ரசீதெல்லாம் கரெக்டா இருந்துச்சே."

செவ்வாய்க்கிழமைக்கு முந்தைய நாள்தான் இவள் அண்ணனிடம் முதலில் கேட்டிருந்தாள்.

அன்று வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதவளை எதிர் பிளாட்காரர் பார்த்திருக்கிறார். திருநெல்வேலிக்காரர், ஐ.டி. வேலை. வண்டி நிறுத்தும் இடத்துக்காகச் சண்டை போட்டு ஆறு மாதமாக எங்களோடு பேச்சில்லை. விஷயத்தைக் கேட்டவர், "பிளாட் வரி ரசீது போதும்லா? எங்கிட்ட இருக்கு," என்று லீவு போட்டுவிட்டு வந்து, சாயங்காலம் வரை கோர்ட் வராந்தாவில் நின்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். மறுநாள் நான் வெளியே வந்தேன்.

அடுத்த நாள் அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருந்தான்.

"இன்னாண்ணே, ரசீது கெடச்சுதா?"

குழாயை மூடினான். "அந்தப் பெரியவரு மருமகன் கேஸு அடிதடிடா. உன்னுது திருட்டு கேஸு. நாளைக்கு நீ எங்கனா போய்ட்டா?"

"நான் எடுத்தேன்னு நெனச்சியா?"

"சாவி உங்கிட்டதானே இருந்துச்சு?"

இதையேதான் முதலாளியும் கேட்டார், இன்ஸ்பெக்டரும் கேட்டார். அவர்களுக்கு என்னைத் தெரியாது, அதனால் பதில் சொல்ல முடிந்தது. அண்ணனுக்குத் தெரியும். திரும்பி நடந்து பஸ் ஏறினேன்.

ஒரு வருஷம் கழித்து, அந்தச் சுருள்களை முதலாளியின் மைத்துனரே லாரியில் ஏற்றிப் போனது தெரியவந்து, கோர்ட் என்னை விடுதலை செய்தது. அண்ணன் ஸ்வீட் பாக்ஸோடு வந்தான். "எனக்கு அப்பவே தெரியும்டா," என்றான். மனைவி சமையலறைக்குள் போனவள் அவன் கிளம்பும் வரை வெளியே வரவில்லை.

போன மாதம் அவன் மகளுக்கு நிச்சயதார்த்தம். அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள் என்று நினைத்துப் போனோம், சாப்பிட்டோம். குடும்பமாக போட்டோ எடுக்க அண்ணன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். நான் கை கழுவப் போய்விட்டேன்.