வெயிலுக்கு ஊதிய மழைச் சைரன்

நீங்கள் அந்த மழைப் பெட்டியைச் சோதிக்கவே இல்லை, கொழும்புப் பொறியியலாளர் ஐயா. உங்கள் மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்துவிட்டுச் 'சோதித்தாயிற்று' என்று கையெழுத்துப் போட்டீர்கள்.

ஹல்துமுல்லைக்கு மேலே, என் அக்கா குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விட்டிருக்கிறது. மழை கூடினால், மண் சரியுமுன் சைரன் ஊதும் அந்தப் பெட்டியை அங்கே ஒரு கம்பத்தில் பூட்டும் வேலையை, பதுளையில் கணினி திருத்தும் என்னிடம் கொடுத்தீர்கள். பூட்டினேன். நல்ல வெயில். ஊதியது.

கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து, பழக்கதோஷத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்றார்கள். கங்காணியும் பழக்கதோஷத்தில் பேர் போட ஆரம்பித்தார். ஒருவர் ஆட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார். அதற்கும் பேர் போடுவதா என்று கங்காணி யோசித்ததை நானே பார்த்தேன்.

"தம்பி, இது மழைக்கு அழுவுதா, வெயிலுக்கு அழுவுதா?" என்றார் கங்காணி என்னிடம்.

அடுத்த இரண்டு நாளும் ஊதியது. மூன்றாம் நாள் யாரும் ஓடவில்லை. அக்கா சைரன் கம்பத்தில் கொடி கட்டி உடுப்புக் காயப்போட்டாள். "இனி நெசமாவே மண்ணு வந்தாலும் நான் சோத்த எறக்கி வச்சுட்டுத்தான் வருவேன்" என்றாள்.

பெட்டியைத் திறந்தேன். நினைவகமும் ஒரு லயம்தான். பெட்டிக்குள்ளிருக்கும் கணினிச் சில்லு அதன் அறைகளை நான்கு நான்கு காம்பராவாகத்தான் திறக்கும். மழை அளவுக்கு நான்கு காம்பரா வேண்டும். நீங்களோ முதல் காம்பராவில் கருவியின் எண்ணைக் குடிவைத்து, மழையை இரண்டாவதில் தொடங்கியிருந்தீர்கள். உங்கள் மடிக்கணினி இதைச் சமாளித்துக்கொள்ளும். எங்கள் பெட்டி சமாளிக்காது; முதல் நான்கு காம்பராவையும் சேர்த்தே வாசிக்கும். கருவியின் எண் மழையின் தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. மழை விழும் புனலில் கேத்தலிலிருந்து ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றினேன். திரை காட்டிய மழைக்குக் கொழும்பே மூழ்கியிருக்க வேண்டும்.

இப்படி இடம் தவறி வாசித்தால் என்ன செய்வதென்று இயங்குதளத்துக்குச் சொல்லி வைக்கலாம்: கண்டுகொள்ளாதே, சரிசெய்து கொடு, அல்லது நிரலைக் கொன்றுவிடு. மூன்றையும் தண்ணீர் ஊற்றிச் சோதித்தேன். முதலாவதில் வெயிலுக்கே ஊதியது. இரண்டாவதில் ஒழுங்காக ஊதியது. மூன்றாவதில் நிரல் செத்தது. வாளி வாளியாக ஊற்றியும் சைரனுக்கு மூச்சில்லை. எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன்.

படித்துவிட்டு அங்கிருந்தே மூன்றாவதை வைத்தீர்கள். "இப்ப பொய்ச் சத்தம் இல்லத்தானே" என்று போனில் சந்தோஷம் வேறு.

நான் போய்ப் போய் இரண்டாவதுக்கு மாற்றுகிறேன். கரண்ட் போய் பேட்டரிக்கு மாறும்போது பெட்டி ஒருமுறை அணைந்து எழும்பும். எழும்பியதும் மறுபடி மூன்றாவதுதான்; உங்கள் பேச்சைத்தான் கேட்கிறது. எங்கள் பக்கம் மழை இறங்கினால் முதலில் போவது கரண்ட். நிரந்தரமாக மாற்றக் கடவுச்சொல் வேண்டும். அது உங்களிடம் இருக்கிறது.

அதைத் தருவீர்களா, மாட்டீர்களா? எனக்குப் போனில் சொல்ல வேண்டாம். ஐப்பசி மழைக்கு முன்னால் இங்கே வந்து, லயத்து ஆட்கள் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கள்.