கொடியில் தொங்கிய காலை

வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் அரைகுறை. பாதி குடித்த காபி, பாதி தோய்த்த துணி, ஒரு காதில் மட்டும் கம்மல் என்று அந்தப் பெயருக்குச் சாட்சி தேடி யாரும் அலைய வேண்டியதில்லை. வேலை லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் லிஃப்ட் நின்று உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால் ஓடிப்போய்த் திறந்துவிட வேண்டும். அந்த நேரத்தில் மட்டும் அவள் மண்டைக்குள் ஓயாமல் கத்துகிற ரேடியோக்கள் எல்லாம் கப்சிப் என்று வாயை மூடிக்கொள்ளும்.

அதே ஆள்தான் காலையில் குளிக்கப் போக வேண்டும் என்று தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பாள். எழ வேண்டும் என்று தெரியும். எழ ஆசையும் உண்டு. கால் மட்டும் கேட்காது. இதைத்தான் ஊரே சோம்பல் என்றது. சோம்பேறியாவது சுகமாக உட்கார்ந்திருப்பான். இவள் தன்னைத் தானே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

முப்பது வயது தாண்டியபின் ஒரு டாக்டர் இதற்கு ஏடிஹெச்டி, அதாவது கவனச்சிதறல் கோளாறு, என்று பெயர் சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். "உங்களுக்குக் கண்ணுல படாத பொருள் இல்லாத பொருள்தான். மறைச்சு வைக்காதீங்க, கண் முன்னாடி வைங்க" என்றார். அன்று சாயங்காலமே அவள் படுக்கையறை வாசலிலிருந்து ஃபிளாட்டின் வெளிக்கதவு வரை, கூடத்தின் குறுக்கே, துணி காயப்போடுகிற நைலான் கொடியைக் கட்டினாள். முதலில் மாத்திரை அட்டை, அப்புறம் பிரஷ், துண்டு, உள்ளாடை, யூனிஃபார்ம், சாக்ஸ், பஸ் பாஸ். எல்லாம் கிளிப்பில் வரிசையாகத் தொங்கும். கடைசியில், கதவை ஒட்டி, லிஃப்ட் கதவைத் திறக்கிற சாவி. எதையும் யோசிக்கத் தேவையில்லை. கொடியைப் பிடித்துக்கொண்டே நடந்தால் போதும், ஆள் தயாராகித் தெருவில் நிற்பாள்.

இந்த வழியைக் கொஞ்சம் பிந்தித்தான் கண்டுபிடித்தாள். அதற்குள், தினமும் லேட்டாகப் போய்ப் போய், சூப்பர்வைசரின் பொறுமை தீர்ந்துபோயிருந்தது. "இன்னும் ஒரே ஒரு தடவை சொதப்பு, சாவியக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிடலாம்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் அக்கா பெட்டியோடு வந்து இறங்கினாள். அவள் வீட்டுச் சமையலறையை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா பள்ளிக்கூட டீச்சர். அடுக்கிவைத்த தீக்குச்சி மாதிரி வாழ்கிறவள். கூடத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னடி இது, பாடியெல்லாம் நடுக்கூடத்துல தொங்குது?"

"என் காலை அது. தொடாதே."

"என் மாமியார் நாளை மறுநாள் பாக்க வர்றாங்க, தெரியும்ல? மானம் போயிடும்."

"உன் மானம்தானே? போனா போகட்டும்."

மறுநாள் காலை அவள் கண் விழித்து அறையை விட்டு வந்தபோது கூடம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. கொடி இல்லை. அவள் தூங்கியதும் அக்கா எல்லாவற்றையும் எடுத்து, மடித்து, உள்ளே வைத்திருந்தாள். மேசையில் ஒரு பூச்சாடி. அக்காவோ நடக்கப் போயிருந்தாள். அக்காவின் போன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது.

அலமாரியைத் திறந்தாள். துணிக்கடை போல அடுக்கு அடுக்காக, எல்லாம் ஒரே மாதிரி, எதுவும் எதுவாகவும் தெரியவில்லை. யூனிஃபார்மைத் தேடப் போனவள் சாக்ஸைப் பார்த்தாள், சாக்ஸைப் போடும்போது மாத்திரை நினைவு வந்தது, மாத்திரையைத் தேடி இழுத்த டிராயரில் என்றோ தொலைந்த ஸ்குரூடிரைவர் கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு எதற்கு வந்தோம் என்று நின்றாள். வந்த கோபத்தில் பூச்சாடியைத் தூக்கி எறிந்திருப்பாள். அதற்குள் அவளுடைய போன் அடித்தது.

"கிளினிக் லிஃப்ட் நின்னுடுச்சு. உள்ள ஒரு பொம்பள, கைக்குழந்தையோட. ஆபீஸுக்கு வராதே, நேரா போ" என்றார் சூப்பர்வைசர்.

ரேடியோக்கள் வாயை மூடின. கைக்கு வந்த உடுப்பை மாட்டி, ஸ்குரூடிரைவரைப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு ஓடினாள்.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மாடிக்கு வந்து பார்த்தாள். லிஃப்ட் தளத்துக்கு ஒரு சாண் கீழே நின்றிருந்தது. கதவைத் திறந்தால் வெளியே வந்துவிடலாம். பாக்கெட்டில் கையை விட்டாள். ஸ்குரூடிரைவர் இருந்தது. சாவி இல்லை.

கொடி இருந்திருந்தால் சாவியில் முட்டாமல் கதவைத் தாண்டியிருக்க முடியாது.

அக்காவை அழைத்தாள். நல்லவேளை, வீடு திரும்பியிருந்தாள்.

"சாவி எங்க?"

"எந்தச் சாவி? நீ மாத்திரை போட்டியா?"

"முனையில மூணு மூலை ஓட்டை இருக்குமே, கம்பி மாதிரி!"

"அதுவா? அது பாட்டில் திறக்கறதுன்னு நினைச்சேன். கரண்டியோட போட்டு வெச்சிருக்கேன்."

"ஆட்டோ பிடிச்சு கிளினிக்குக்கு எடுத்துட்டு வா, இடத்தை அனுப்பறேன். உள்ள குழந்தை இருக்கு."

உள்ளே அந்தப் பெண் கதவைக் குத்திக்கொண்டிருந்தாள். இவள் தரையில் உட்கார்ந்து கதவிடுக்கில் வாயை வைத்தாள். "இங்கதான் இருக்கேன்மா. கீழ விழாது, நான் நிறுத்தி வெச்சிருக்கேன். காத்து வருது, பயப்படாதீங்க. குட்டி பையனா, பொண்ணா?"

"பொண்ணு. எப்பங்க திறப்பீங்க?"

"சாவி வந்துக்கிட்டிருக்கு."

"சாவி இல்லாமயா வந்தீங்க?"

"குட்டிக்குப் பல் முளைச்சாச்சா?" என்று பேச்சை மாற்றினாள். அக்கா மூச்சிரைக்கப் படியேறி வரும்வரை அந்தக் குழந்தைக்குப் பல் முளைத்த கதையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சாவி கைக்கு வந்ததும் ஒரு திருகு. கதவு விலகியது. குழந்தையை முதலில் வாங்கினாள், அம்மாவுக்குக் கை கொடுத்து ஏற்றினாள். அந்தப் பெண் நன்றி சொல்லவில்லை, முறைத்துவிட்டுப் போனாள். நியாயம்தான்.

அக்கா சுவரில் சாய்ந்து அவளையே பார்த்தாள். "எவ்வளவு நிதானமா இருந்தே! இதெல்லாம் முடியுதுல்ல? அப்புறம் வீட்ல மட்டும் ஏன்டி..."

அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து கேட்ட வாக்கியம். கணக்கில் நூறு வாங்கிய அன்றைக்கு அப்பா சொன்னது, வேலை கிடைத்த அன்றைக்கு அம்மா சொன்னது. பாராட்டுவதுபோல வந்து கடைசியில் கன்னத்தில் அறையும்.

"முடியறது இது ஒண்ணுதான்க்கா! மத்ததுக்குத்தான் கயிறு கட்டினேன். அதையும் அவுத்து மடிச்சு வெச்சுட்டு ஏன்டின்னு கேக்கறியா? கண்ணாடி போட்டவன் கண்ணாடியைப் பிடுங்கி டிராயர்ல போட்டுட்டு, ஏன்டா முட்டிக்கறேன்னு கேப்பியா?"

"நல்லதுக்குத்தானே செஞ்சேன்..."

"நீ செஞ்ச நல்லதுல ஒரு குழந்தை உள்ள அழுதுச்சு."

படியில் செருப்புச் சத்தம். சூப்பர்வைசர். கிளினிக்காரர்கள் அதற்குள் போன் போட்டிருந்தார்கள். வந்ததும் கையை நீட்டினார். "சாவியக் குடு."

"நான்தான் சார் எடுத்து வெச்சேன்" என்றாள் அக்கா. பள்ளிக்கூடக் குரல் எங்கோ போயிருந்தது.

"யார் எடுத்தா என்னம்மா? பாதுகாக்க வேண்டியது அவ."

"ஆமா, நான்தான்" என்றாள் அவள். சாவியை நீட்டவில்லை. "லேட்டா வந்ததுக்குத் திட்டினீங்க, சரி. அடுத்த லிஃப்ட் நிக்கறப்ப என்னைத்தான் கூப்பிடுவீங்க. இன்னிக்கும் என்னைத்தான் கூப்பிட்டீங்க. என் தலை வேணும், தலையில இருக்கற கோளாறு மட்டும் வேணாமா? எனக்கு வேண்டியது ஒரு கயிறு. அதை நான் கட்டிக்கறேன்."

அவர் கையை மெல்ல இறக்கினார். "நாளைக்கு ஏழு மணிக்கு கேட்ல நிக்கணும். சாவியோட. ஒரு நிமிஷம் பிந்தினாலும் அப்படியே திரும்பிப் போயிடு."

சாயங்காலம் அவள் ஸ்டூலில் ஏறி மறுபடி கொடி கட்டினாள். அக்கா ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து பொருளைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நாளைக்குக் காலையில மாமியார் வர்றாங்கடி. அந்த ஒண்ண மட்டும் உள்ள..."

"முடியாது."

"சரி, சரி."

 பூச்சாடி மாத்திரம் மூலைக்குப் போயிருந்தது.

காலையில் மாமியார் சொன்னதைவிடச் சீக்கிரமே வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் கொடி போயிற்று. அவள் அறையிலிருந்து வந்தாள், மாத்திரை, பிரஷ், துண்டு என்று ஒவ்வொரு கிளிப்பாகக் கழற்றினாள், அந்த அம்மாள் முகத்துக்கு நேரே தொங்கிய உள்ளாடையையும் எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள். யூனிஃபார்மில் திரும்பி வந்து சாக்ஸ், பாஸ். கதவருகில் சாவி.

"என்னம்மா இது, கூடத்துல கொடி?" மாமியார் கையை உயர்த்திக் கொடியைத் தொடப் போனார்.

"அத்தை, தொடாதீங்க!" அக்கா அடுப்படியிலிருந்து பாய்ந்து வந்தாள். "அது அவ காலை. தொட்டா கடிச்சுடுவா."

கதவைச் சாத்தும்போது அவளுக்குச் சிரிப்பு முட்டியது. சிரித்துக் காட்டவில்லை. இன்னும் கோபமாகத்தான் இருந்தாள், அது அவ்வளவு சீக்கிரம் ஆறுகிற கோபமும் அல்ல. பாக்கெட்டில் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, லிஃப்டுக்குக் காத்திராமல், படிகளில் தடதடவென்று இறங்கினாள்.