அமாவாசைக்கு ஒரு ஸ்டார்

கடைகளுக்கு ஆன்லைனில் விழும் திட்டுக்கு, கடைக்காரர் பேரிலேயே பணிவாகப் பதில் எழுதுவது என் தொழில். அடுத்தவர் செய்ததற்கு மன்னிப்புக் கேட்டுப் பழகியவர்கள் உங்களிலும் இருப்பீர்கள், உங்களுக்குச் சொன்னால் புரியும். விழுப்புரத்தில் ஒரு மாடி அறை, ஒரு கம்ப்யூட்டர், நான். கூட வேலை பார்ப்பவர்கள் அவரவர் வீட்டில் இருக்கிறார்கள்.

யார் கேட்ட மன்னிப்பு

திண்டிவனம் பைபாஸில் மெஸ் நடத்துகிறவர் ஏழுமலை அண்ணன். ஆன்லைன் மேப்பில் கடையின் ஸ்டார் குறையக் குறைய சென்னைக் கார்கள் நிற்பது குறைந்தது. பொங்கல் வரை பார்ப்பது, இல்லையென்றால் மூடிவிடுவது என்று வீட்டில் பேசிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் எங்களிடம் வந்தார்.

சாம்பார் ஆறிப்போயிருந்தது என்று ஒருவர் எழுதியிருந்தார். "மிகவும் வருந்துகிறோம்" என்று பதில் போட்டேன். சாயங்காலமே அண்ணன் போன். "அந்தாளு இலைய வச்சிக்கினு போன் பேசினாரு, சாம்பாரு ஆறிச்சு. நான் எப்போ தம்பி வருத்தப்பட்டேன்?"

பூட்டின கடை

ஒரு ஸ்டார் கொடுத்தவர்களை வரிசையாகப் படித்தேன். பாதிப்பேர் அங்கே சாப்பிட்டதே இல்லை. 'திறந்திருக்கும்' என்று போனில் பார்த்து வந்தவர்கள், பூட்டைப் பார்த்துத் திரும்பியவர்கள். எல்லாம் அமாவாசை நாட்கள். அமாவாசைக்கு அண்ணன் குடும்பத்தோடு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய்விடுவார்.

அமாவாசைக்கு லீவு என்று மேப்பில் போட்டுவிடலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். சிரித்தார். "அமாவாசைன்னா நாங்க இருக்கமாட்டோம்னு ஊருக்கே தெரியும். இத எதுக்குப்பா தனியா சொல்லிக்கினு?"

ஊர் எழுதாதது

ஊருக்குத் தெரியுமென்றால் ஊரே எழுதட்டும் என்று திண்டிவனம் போனேன். மெஸ்ஸில் என் எதிரே ஒரு கொத்தனார், தினமும் அங்கேதான் சாப்பாடு. அவர் போனிலேயே ரெண்டு வரி நல்லதாக எழுதச் சொல்லிக் கெஞ்சினேன். ரசத்தைப் பிசைந்தபடியே சொன்னார்: "நல்லா இல்லன்னா வேற கடைக்குப் போயிருப்பேன். தெனம் வர்றனே, அது போதாதா?"

ஒரு பதில்

"பத்துப் பேர் பேர்ல நீயே எழுதிடு" என்றார்கள் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில். உட்கார்ந்தேன். மேலே ஒரு பெண்ணின் ஒரு ஸ்டார் இருந்தது. கடையை நம்பி வேறெங்கும் நிற்காமல் வந்தார்களாம். சர்க்கரை உள்ள அம்மாவுக்குப் பூட்டின கடை வாசலில் மயக்கம் வந்துவிட்டதாம். அதன்மேல் பத்துப் பொய்யை அடுக்கக் கை வரவில்லை.

அதை அண்ணனுக்குப் போனில் படித்துக் காட்டினேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். பிறகு, "லீவுன்னு போட்டுரு தம்பி. அந்தம்மா எப்படி இருக்காங்கன்னு கேளு" என்றார். வழக்கமான மன்னிப்பை விட்டு, அமாவாசைக்குக் கடை கிடையாது, அதைப் போடாதது எங்கள் தப்பு என்று அண்ணன் பேரில் உள்ளதை எழுதினேன், அம்மாவையும் விசாரித்தேன்.

இத்தனை நாளில் என் பதிலுக்கு ஒருவரும் பதில் சொன்னதில்லை. அந்தப் பெண் தன் விமர்சனத்தின் கீழே சேர்த்திருந்தார்: "அம்மா நல்லா இருக்காங்க அண்ணா. ஸ்டாரை மாத்த மாட்டேன், அன்னைக்கு அவங்க பட்டது பொய்யில்ல. ஆனா தப்பை ஒத்துக்கிட்ட கடை. அமாவாசை தவிர மத்த நாள்ல தாராளமா நிக்கலாம்." அண்ணா என்றது ஏழுமலை அண்ணனைத்தான். தெரிந்தும் இரண்டு தரம் படித்தேன்.

போன வாரம் அண்ணன் கூப்பிட்டார். "ஒரு ஸ்டார் குடுத்த பொண்ணு சொல்லிச்சுன்னு காருங்க நிக்குது தம்பி. மூடற பேச்ச வீட்ல இப்ப யாரும் எடுக்கறதில்ல."

சாப்பிடுகிறவருக்கும் கடைக்காரருக்கும் ஒரே இடத்தில் நியாயம் கிடைக்கும் போலத்தான் இருக்கிறது, நடுவில் ஒருத்தன் யாருக்கும் யாராகவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தால்.